உள்ளூர் முகவரி

பெல்ட் நின்றுவிட்டது.
கடைசியாகச் சுற்றிக்கொண்டிருந்த தெர்மாகோல் பெட்டியையும்
ஒரு பையன் வந்து தூக்கிப் போய்விட்டான்.
என் பெட்டி மஸ்கட்டிலேயே இருக்கிறதாம்.
சொல்லும்போது கவுன்டர் பெண்
கொட்டாவியைப் பாதியில் விழுங்கினாள்.

நிறம்? பழுப்பு.
அடையாளம்? பச்சை நாடா, கைப்பிடியில் மூன்று சுற்று.
உள்ளே என்னென்ன?
பாதாம், டேங்க் பவுடர், தைலம் ஒரு டஜன்,
அண்ணிக்கு சென்ட், அண்ணனுக்கு சார்ஜ் டார்ச்,
மாடி வீட்டுக்காரிக்குக்கூட இரண்டு சோப்பு.
உனக்கென்று ஏதாவது?
இது படிவத்தில் இல்லை,
நானே கேட்டுக்கொண்டது.

உள்ளூர் முகவரி என்றொரு கட்டம்.
பேனா அங்கே மட்டும் எழுதவில்லை.
உதறி, ராயபுரம் என்று போட்டேன்.
"பழைய நம்பரா, புது நம்பரா?"
இரண்டையும் எழுதினேன்.
ஒன்பது வருடத்தில் மூன்றாவதாக ஒன்று வந்திருந்தால்
எனக்குத் தெரியாது.

வெளியே, அட்டையில் பெயர் எழுதி நின்றவர்கள்
என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் பார்த்தார்கள்.
டாக்ஸிக்காரர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை,
கையைத்தான்.
தள்ளுவண்டி இல்லை, தோளில் ஒரு துணிப்பை.
யாரையோ வழியனுப்ப வந்தவள் என்று விட்டுவிட்டார்கள்.
ஒருவர் மட்டும் "மேடம், டி.நகர், எக்மோர்..." என்று ஆரம்பித்து
தானாகவே நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வருவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.
இன்று புதன்.
டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்பது
பாதி உண்மை.

மெட்ரோவில் ஷட்டர் இன்னும் ஏறவில்லை.
சுரங்கப்பாதையில் இறங்கி,
தலைக்கு மேலே ஜி.எஸ்.டி. ரோடு லாரி லாரியாக உருள,
அந்தப் பக்கம் ஏறினால் திரிசூலம்.
"பீச் ஒண்ணு."
உள்ளே நான் குடித்த டீயின்
நுரைக்குக்கூட ஆகாத காசு.

லேடீஸ் பெட்டியில் பாதி இடம் அன்னக்கூடைகளுக்கு.
ஒன்றுக்குள் ஒன்றாக, எல்லாம் காலி.
காசிமேட்டு ஏலத்துக்குப் போகிறவர்கள்.
காலியென்றாலும் நேற்றைய சங்கரா இன்னும் இறங்கவில்லை.
அடுத்தவர் பிள்ளைகளுக்கு
முள்ளில்லாத மீனே பொரித்துப் பழகிய என் மூக்கு
அதை நாற்றம் என்பதா வாசம் என்பதா என்று
பழவந்தாங்கல் வரை முடிவு செய்யவில்லை.

"எங்க ஏறுன?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.
"திரிசூலம்."
பொய் இல்லை.

பரங்கிமலை. கிண்டி.
சைதாப்பேட்டையில் ஆறு இருக்கவேண்டிய இடத்தில்
இருட்டு கொஞ்சம் அகலமாக இருந்தது.
மாம்பலத்தில் ஒரு பூக்கூடை ஏறி
மீன்கூடைகளோடு இடத்துக்குச் சண்டை போட்டது.
சேத்துப்பட்டு தாண்டிக் கூவம் வர,
மீன்காரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில்
முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள்.
என் துப்பட்டாவும் போயிருந்தது.
நான் எடுத்தது நினைவில்லை.

கோட்டை தாண்டும்போது போன்.
"மேடம், பெட்டி நாளை விமானத்தில் வந்துவிடும்.
எழுதிக் கொடுத்த முகவரிக்கே அனுப்பிவிடலாமா?"
கதவைத் திறக்கும் அண்ணி
முதலில் எதைப் பார்ப்பாள்?
"வெள்ளிக்கிழமை அனுப்புங்கள்" என்றேன்.
"அவசரமில்லையா மேடம்?"
"இல்லை."

பீச்சில் விடிந்தும் விடியாமல் இருந்தது.
"கல்மண்டபம், ராயபுரம், காசிமேடு,
ஒரு ஆள், ஒரு ஆள், ஒரு ஆள்!"
அந்த ஒரு ஆள் நான்தான்.
ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தேன்.
"கொஞ்சம் புடிம்மா" என்று
ரயிலில் வந்தவள் தன் கூடையை என் மடியில் வைத்து
சில்லறை தேட ஆரம்பித்தாள்.
அடியில் நாலைந்து செதில்கள் ஒட்டியிருந்தன.
வண்டி குலுங்கிக் கிளம்பியது.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.