இதரம்

ரசீதில் ஆறு வரிகள்.
அறை வாடகை, உணவு, மின்சாரம், பராமரிப்பு,
திருப்பித் தரப்படும் என்று அச்சிட்ட
ஒரு வைப்புத்தொகை.
கடைசி வரி,
இதரம்: மூவாயிரத்து நானூறு.

"இதரம்னா என்ன சார்?"
கண்ணாடித் துளைக்கு அந்தப் பக்கம்
முத்திரையை மையில் தேய்த்தபடி
"இதரம்னா இதரம்தாம்மா" என்றார்,
குத்தினார்.

வில்லியனூரிலிருந்து காலாப்பட்டு
இருபது கிலோமீட்டர், மேலே கொஞ்சம்.
இதுக்கு எதுக்கு ஹாஸ்டல் என்று
அப்பா கேட்டது நியாயம்தான்.
சேதராப்பட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்தவர்
சட்டையைக்கூடக் கழற்றாமல்
நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினார்.
அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
பஸ் பாஸ் ஒன்பதாயிரம் கழி.
லீவு போக இருநூற்றுத் தொண்ணூறு நாள்.
"ராத்திரிக்கு இருநூத்தி அஞ்சு ரூவா.
என் கூலில மூணுல ஒரு பங்கு
நீ கண்ண மூடறதுக்கு."

வகுத்ததில் பிழையில்லை.
அந்தத் தாளில் ஏறாதது
ஐந்து நாற்பது பஸ்.
புதுப் பேருந்து நிலையத்தில் இறங்கி ஓடி
இன்னொன்றில் ஏறி
முத்தியால்பேட்டை தாண்டும்வரை
யாருடைய அக்குளிலோ முகம் வைத்துப் படித்த
முதலாம் ஆண்டு வெப்ப இயக்கவியல்.

மாலை வாசலில் செருப்பு விடுமுன்பே
செங்கொடி, தம்பிக்கு டீ.
செங்கொடி, மோட்டார் போடு.
செங்கொடி, மாவு வாங்கியாந்துடு.
மில் மூடுவதற்கு முன்
கேட் கூட்டத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து
அப்பா வைத்த பெயர்.
எங்கள் வீட்டில் அது
அடுப்படியைப் பார்த்துத்தான் அழைக்கப்படும்.

எட்டு மணி வேலை
எட்டு மணி ஓய்வு
எட்டு மணி நமக்கே நமக்கு.
சுண்ணாம்புச் சுவரில் காவியால்
அவர் எழுதியது, கையெழுத்து தெரியும்.
அந்த மூன்றாவது எட்டைத்தான்
இருநூற்று ஐந்து ரூபாய்க்கு வாங்குகிறேன் அப்பா
என்று சொல்ல நினைத்தேன்.
சொன்னது: "லேப் லேட்டாகும்."

அறை எண் 214. மூன்று கட்டில், இரண்டு நாற்காலி.
குழாயில் உப்பு. தலை வாரினால் கொத்தாக வரும்.
ரசத்துக்கும் சாம்பாருக்கும்
கிழமைதான் வித்தியாசம்.
ஆறரைக்கு எங்கள் கேட்டைப் பூட்டுவார்கள்.
பையன்கள் விடுதிக்கு ஒன்பதரை,
கட்டணம் ஒன்றே.
புயல் எச்சரிக்கை வந்த அன்று
வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள்.
காரைக்கால் ஜெசிந்தா
எந்த பஸ்ஸும் ஓடாத ஊருக்கு
எப்படிப் போவது என்று கேட்டாள்.
நான்கு நாள் எங்கள் வீட்டில் இருந்தாள்.
மெஸ் பில்லில் அந்த நான்கு நாளும் இருந்தன.

இருந்தாலும்
அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கினேன்,
எண்பது ரூபாய்.
உள்ளே ஒன்றுமில்லை, இரண்டு நோட்டு, ஒரு ஷாம்பூ.
பத்தொன்பது வயதில்
நான் பூட்டிய முதல் பொருள்.
முதல் வாரம்
யாராவது கூப்பிடுவார்கள் என்று
புத்தகத்தின் அதே பக்கத்தில்
மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன்.
யாரும் கூப்பிடவில்லை.
பிறகுதான் பக்கம் திரும்பியது.

ஞாயிறு வீட்டுக்குப் போனால்
நான் படுக்கும் இடத்தில் தையல் மெஷின்.
தம்பிக்கு டீ இருக்கிறது,
மோட்டார் ஓடுகிறது,
மாவு வந்திருக்கிறது.
அம்மாவின் வலது மணிக்கட்டில்
புதிதாக ஒரு கிரேப் பேண்டேஜ்.
"ஒண்ணுமில்லடி, சும்மா சுளுக்கு."

அவளுக்கு யாரும்
மூன்று எட்டாகப் பிரித்து எழுதியதில்லை.
நான் அலுவலகத்தில் கேட்ட கேள்விக்கு
பதில் இதுவாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
மூவாயிரத்து நானூறு யாருக்குப் போகிறதோ.

அடுத்த ஆண்டுக்கான படிவம் தந்திருக்கிறார்கள்.
விடுதி தேவையா: ஆம், இல்லை.
ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தாள்.
பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே
"சாப்டியா, படிச்சியா" என்றாள்.
ரெண்டும் என்றேன்.

ஆம் கட்டத்தில் டிக் போட்டேன்.
காரணம் என்ற இடத்தில்
தூரம் என்று எழுதினேன்.