எண்ணூற்று அறுபதால் பெருக்கு

அத்திப்பட்டு. செயல்திறன் பிரிவு. இரவு ஷிப்ட்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
எனக்கு முன்னால் இருந்தவர் செருகிவிட்டுப் போன தாள்:
ஒரு யூனிட் என்றால் எண்ணூற்று அறுபது கிலோகலோரி.
ஒரு யூனிட் என்றால் முப்பத்தாறு லட்சம் ஜூல்.
ஓரத்தில் டீக்கறை,
யாரோ ஒரு சாம்பல் லாரிக்காரரின் போன் நம்பர்.

நேற்றைய கணக்கு:
பத்தாயிரம் டன் நிலக்கரி எரிந்தது.
உள்ளே போன சூடு
மூவாயிரத்து அறுநூறு கோடி கிலோகலோரி.
வெளியே வந்த கரண்ட்
ஒரு கோடியே நாற்பத்து நான்கு லட்சம் யூனிட்.

இத்தனை சுழியங்களை
விடியற்காலை மூன்று மணிக்கு எண்ணுவது
எண்ணூர்க் கொசுவை எண்ணுவது மாதிரி.
ஒன்றாவது தப்பும்.
எனக்கு மூன்று தப்பின:
மெகா அடிக்க வேண்டிய இடத்தில்
கிலோ.

ஏழு மணிக்குத் தணிகைவேல் சார் போன்.
"ஏம்மா பிரமிளா,
அறுநூறு மெகாவாட் மெஷினை ராப்பகலா ஓட்டி
எர்ணாவூர்ல ஒரே ஒரு தெருவுக்கா
ஒரு மாசக் கரண்டு குடுத்த?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
அந்தத் தெருவில்தான் நான் குடியிருக்கிறேன்,
சொல்லவில்லை.
ஒன்பதுக்குள் திருத்தி அனுப்பு என்றார்.

வெந்நீர்க் கால்வாய் முகத்துவாரத்தில் சேரும் இடம்.
கன்னிமா மண்டியிட்டு
சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள்,
ஓலைப்பறி பல்லில்.
என்னைப் பார்த்ததும் எடுத்துக் கையில் பிடித்தாள்.
"இன்னா மேடம், நேத்து ஃபுல்லா ஓட்டிட்டீங்களா?"
"உனக்கு யார் சொன்னா?"
"மொழங்கால் சொல்லுச்சி."

ஆயிரத்து இருநூற்று முப்பத்தெட்டு கோடி
கம்பியில் ஏறிப் போனது.
மிச்சம் இரண்டாயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு கோடிக்கு
என் தாளில் ஒரே ஒரு கட்டம், 'இழப்பு'.
அதில் கொஞ்சம் புகைபோக்கி வழியே.
பெரும்பகுதி இங்கே,
அவள் இடுப்பைச் சுற்றி.
கலோரியில் சொல்லலாம், ஜூலில் சொல்லலாம்,
எத்தனை டன் எண்ணெய்க்குச் சமம் என்றும் சொல்லலாம்,
மூன்று தசம இடம் சுத்தமாக.

பறிக்குள் எட்டிப் பார்த்தேன்.
ஏழோ எட்டோ இறால்.
"காலைலேர்ந்தா?"

பதில் சொல்லாமல்
பறியை மறுபடி கவ்விக்கொண்டாள்.
கைப்பைக்குள் போன் அதிர்ந்தது,
மூன்று சுழியம் கேட்டு.