புள்ளி வட்டம்

ஹலசூரில் தையல்கடைக்கு மேல் மாடி.
மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை.
நாற்காலி பதினொன்று, ப்ளக் பாயிண்ட் ஒன்று.
முதலில் வரும் லேப்டாப் அதைப் பிடித்துக்கொள்ளும்.
பிறகு வருகிறவர்கள்
நான்கு சதவீத போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
பேச்சைக் கேட்பார்கள்.

விசைப்பலகையை எழுதியவன் நானில்லை.
அதில் பெரிதாக எதையும் எழுதுகிறவனும் இல்லை.
குறைகளைக் குறிக்கும் நோட்டு என்னிடம் இருக்கிறது,
மாடிச் சாவியும்.

இந்த மாதம் பிலோமினா
பையிலிருந்து சுருட்டிய போஸ்டரை எடுத்து
மேசையில் விரித்தாள்.
நாலு மூலைக்கும் நாலு காபி டம்ளர்.

கண்ணீர் அஞ்சலி.
சிவாஜிநகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்,
கழுத்துவரை பொத்தான் போட்டவர்.
மோவாய்க்குக் கீழே
தோற்றம் என்று இருக்கவேண்டிய இடத்தில்
புள்ளி புள்ளியாய் ஒரு வெறும் வட்டம்.
அதை முட்டிக்கொண்டு
எழுத்தில்லாத இரட்டைக் கொம்பு.

"ராத்திரி அப்டேட் ஆனது எனக்குத் தெரியாது.
காலைல அஞ்சு மணிக்கு இருநூறு காப்பி போயிடுச்சு.
சாயங்காலம் பையன் வந்து கேக்கறான்,
அப்பாவுக்கு எதுக்கு அக்கா முட்டை போட்டீங்கன்னு."

யாரோ சிரித்தார்கள். அவளும், கொஞ்சம்.

இன்பராஜ் சிரிக்கவில்லை.
"மெய்தான் முதல்ல வரணும்.
கொம்பு கண்ணுக்குத்தான் முன்னாடி,
உள்ளே அது பின்னாடி.
போன்ல எழுதிப் பழகின முப்பதாயிரம் பேர்
அப்படித்தான் அடிக்கறாங்க.
கொம்பை முதல்ல அடிக்கறவங்க எத்தனை பேர்?"

நோட்டைப் புரட்டினேன். ஏழு.
வந்து சொன்னவர்கள் ஏழு, என்றேன்.

"டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ நான்," என்றாள் அவள்.
"இருபத்தாறு வருஷமா கை அப்படியே போகுது.
இனிமே போகாதேன்னு
கைகிட்ட யார் சொல்றது?"

இன்பராஜின் ஞாயிறுகளும் எனக்குத் தெரியும்.
மெட்ரோவில், தூங்கும் குழந்தைக்கு ஒரு தோள்,
இன்னொரு கையால் தட்டிக்கொண்டே வருவான்.
யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை.
ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் உண்டு.

டம்ளர்களை எடுத்ததும்
போஸ்டர் தானாகச் சுருண்டுகொண்டது.

வீட்டுக்கு வந்து
பால் கணக்கின் பின்புறத்தில்
ஒரு தோ எழுதிப் பார்த்தேன்.
பேனா கொம்பைத்தான் முதலில் போட்டது.
வாய் த் என்றுதான் தொடங்கியது.
இரண்டும் என்னுடையவை.
மறுபடி எழுதினேன், மறுபடியும் அப்படியே.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு
அவள் கடைக்குப் போயிருக்கிறான்.
ஸ்டூல் இல்லை. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து
மூன்று மணி நேரம்
மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை ஒன்று முளைப்பதைப் பார்த்திருக்கிறான்.
"சொல்லைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள
விரல் கொம்புக்குப் போயிடுது அண்ணா," என்றான் போனில்.
"நான் முகத்தையே பார்த்துட்டு இருந்தேன்.
முகத்துக்கு ஒண்ணுமே தெரியலை."

மெய் வந்து சேரும்வரை
கொம்பை ஓரமாக நிறுத்திவைக்க ஒரு வழி செய்தான்.
வட்டம் தலைகாட்டாது.
அதற்கு 'பழைய கை' என்று பெயர் வைத்து
பல்சக்கரத்துக்குள், அதற்கும் உள்ளே,
நான்காவது கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டான்.
முப்பதாயிரம் பேரின் வழியில் இடறக்கூடாதாம்.

இரவு பத்தரைக்கு பிலோமினாவின் அழைப்பு.
கீழே போங்க, இன்னும் கீழே,
மூணு கோடு தெரியுதா, அதை இல்லை, அதுக்குப் பக்கத்துல.
"வச்சவனுக்குத்தான் தெரியும் போல வச்ச இடம்," என்றாள்.
அதையும் நோட்டில் எழுதினேன்.
என்ன தலைப்பில் என்று தெரியாமல்
ஓரத்தில்.

அடுத்த கூட்டத்துக்கு
இன்பராஜ் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வந்தான்.
பிலோமினாவின் போன் முதலில் ஏறியது.
நாலு ஓட்டை.
ஒன்று வேலை செய்யவில்லை.
யாரும் சொல்லவில்லை,
குறித்துக்கொண்டேன்.