விற்கவோ மாற்றவோ கூடாது

சந்தியாகுவுக்கு நூறு கேள்வி.
இரவு ஒன்பதுக்கு நான் கேட்பேன்.
ஹூஸ்டனில் அப்போது காலை;
வேலைக்குப் போகிற வண்டியிலிருந்து பதில் சொல்வான்.

கொடியில் ஏன் பதின்மூன்று கோடு?
முதலில் இருந்த காலனிகள்.
கிழக்குக் கரையில் எந்தக் கடல்?
அட்லாண்டிக்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பாம்பனில் பிறந்தவனுக்கு
வடகடல் உண்டு, தென்கடல் உண்டு,
கிழக்கே தனுஷ்கோடி மணல்தானே.

வெள்ளைக்காரனோடு ஏன் சண்டை?
வரி, என்றான். தேயிலையைக் கடலில் கொட்டினார்களாம்.
எனக்கு மண்டபம் முகாம் ஞாபகம் வந்தது.
தேயிலைக்காக இங்கே ஆட்களையே
கடலுக்கு அந்தப் பக்கம் கொட்டினார்கள்,
சட்டையைக் கழற்றி, மருந்தடித்து, தலை எண்ணி.
"அக்கா, அடுத்ததைக் கேளு."

கேள்வித்தாள் இருப்பது அந்த டின்னில்.
புயலுக்குப் பிறகு, அறுபத்தைந்தில்,
அம்மா ஏழு வயதில் வரிசையில் நின்று வாங்கியது.
பால்மாவு.
குடித்தவர்களுக்கெல்லாம் வயிற்றால் போனது,
கோழிகள்தான் கொழுத்தன என்பாள்.
கோடு, நட்சத்திரம், கீழே குலுக்கும் இரண்டு கைகள்.
'அமெரிக்க மக்களின் அன்பளிப்பு,
விற்கவோ மாற்றவோ கூடாது'
என்று ஆறாம் வகுப்பில்
எழுத்துக் கூட்டிச் சொன்னவன் சந்தியாகுதான்.
உப்புக்காற்று ஒரு மணிக்கட்டைத் தின்றிருக்கிறது.
கொடுத்தது எந்தக் கை என்று தெரியவில்லை.

பழைய இரும்புக்காரர் முப்பது ரூபாய் என்றார்.
அங்கே பழம்பொருள் கடையில் இதேபோல் ஒன்று
கண்ணாடிக்குள், நாற்பது டாலர்;
படம் அனுப்பினான்.

எங்கள் டின்னில் ரேஷன் அட்டை,
ஊர்காவற்துறையில் மக்கிக்கொண்டிருக்கும் படகின் பத்திரம்,
கதர்க்கடை ரசீது ஒன்று.
கொடி கட்டிப் போனால் சுடமாட்டார்கள் என்று
யாரோ என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள்.
சுடவில்லை.
கொடியோடு சேர்த்துப் பிடித்துப் போனார்கள்,
எட்டு மாதம்.

இருந்தும் ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் கொடி ஏறும்போது
எனக்குத் தொண்டை அடைக்கிறது.
ஏன் என்று கேட்டால்
அந்த நூறு பதிலில் ஒன்றும் பொருந்தாது.

நேற்று அவனுக்கு உறுதிமொழி.
பெயரையும் மாற்றலாமாம், ஜேம்ஸ் என்று எழுதிவிட்டான்.
"அதே அப்போஸ்தலர்தான் அக்கா."
வேர்க்காட்டுக் கோயிலில் குதிரைமேல் இருப்பவரிடம்
நான் இன்னும் சொல்லவில்லை.

போனை டின்மேல் சாய்த்து வைத்தேன்.
பெரிய ஹால், நிறையக் கைகள்.
அவன் சட்டைப்பையில் பென்சில் உயரத்துக்கு ஒரு கொடி.
எந்த அரசனுக்கும், எந்த நாட்டுக்கும் இனி
என்று தொடங்கும்போது
சேது எக்ஸ்பிரஸ் பாலத்தில் ஏறியது.
டின் அதிர்ந்தது, போன் வழுக்கி விழுந்தது.
எடுத்து நிமிர்த்தினால்
எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"கேட்டுச்சாக்கா?"
"கேட்டுச்சு."
"ரயில் போகுதா?"
"போகுது."

கடைசிப் பெட்டி கடலைத் தாண்டும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.