மூன்று விரல் பட்டை

வெட்டக் கூடாது. அதுதான் முதல் விதி.
வெட்டினால் கோபம் வரும் இந்த மரத்துக்கு.
ஒன்றுக்கு நாற்பதாய் வேரிலிருந்து எழும்பி
அடுத்த வசந்தத்தில் முள்ளோடு நிற்கும்.

ஆகவே பிப்ரவரியில்,
கிஷ்குன்ஷாக் மணல் உறைபனியில் இறுகிக் கிடக்கையில்
இரட்டைப்பிடிச் சீவுகத்தியோடு போவேன்.
அரைஞாண் கட்டும் உயரத்தில்
இரண்டு கையகலத்துக்குப் பட்டையை உரிப்பேன்,
மஞ்சள் கட்டை வழுக்கும்வரை.

முழுச் சுற்றும் அல்ல.
வடக்கே மூன்று விரல் அகலம் பட்டையை
தொடாமல் விட்டுவைப்பேன்.
எங்கள் வேலையில் அதற்குப் பாலம் என்று பெயர்.

தண்ணீர் மேலே போகத் தடையில்லை.
இலை சமைக்கும் சோறு கீழே இறங்கத்தான்
அந்த மூன்று விரலை விட்டால் வழியில்லை.
வேருக்கு அரைவயிறு.
பசிக்கிறது, ஆனாலும்
மேலே ஏதோ ஆகிவிட்டது என்று
இன்னும் சந்தேகப்படாத வேர்.

"ஏமாற்று வேலை" என்றார் வெண்டெல்.
அறுபத்திரண்டு தேன்பெட்டிகளின் சொந்தக்காரர்.
ஆமாம் என்றேன்.
காகிதத்தில் மீட்பு என்று எழுதியிருக்கிறது.
"ஓடுகிற மணலை நிறுத்த
எங்கள் ஆட்கள் வைத்த மரம், போர்பாலா.
ஒரு புல்லுக்காகவா?"
புல்லின் பெயரைச் சொல்ல வெட்கமாயிருந்தது.
இங்கே அதை
அனாதைப் பெண்ணின் கூந்தல் என்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

மே மாதம்
இறங்க வழியற்ற இனிப்பெல்லாம் கிளையில் தேங்கி
இருநூற்றுப் பதினான்கு மரமும் பூத்தன.
பூத்தன என்றால் போதாது.
இலை தெரியவில்லை.
ஜீப்பின் கண்ணாடியை ஏற்றினாலும் வாசனை உள்ளே இருந்தது.
தேனீக்களின் இரைச்சலில்
தூரத்து ரயிலை நான் கேட்கவில்லை.
சாகப்போவது தெரிந்தா பூத்தது என்று
பயிற்சிக்கு வந்த பையன் கேட்டான்.
சர்க்கரை, என்றேன். வெறும் சர்க்கரை.

ஒருநாள் காலை
ஜீப்பின் முகப்பில் ஒரு ஜாடி இருந்தது.
வெளிறிய தேன், ஏறக்குறைய நிறமே இல்லை.
சீட்டு எதுவும் இல்லை.

ஜூனில் பாலம் அறுக்கும் வேலை.
ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.
நூற்றுப் பதினேழாம் எண்ணில் நின்றுவிட்டேன்.
உரித்த இடத்தில் சுற்றிலும் தேன்மெழுகு,
பிசினோடு உருக்கி, கட்டியாய் அப்பி,
அதன்மேல் கோணித்துணி.
முதலில் சிரித்தேன்.
மெழுகில் கட்டைவிரல் ரேகைகள் பதிந்திருந்தன,
வரிசையாய், அவசரமில்லாமல்.

இரண்டு கையகலப் புண்ணை
மெழுகு மூடாது.
அது அவருக்கும் தெரியும்.
ஒட்டுக்கட்டுகிற கை அது.
இத்தனை மரத்தில் இதை ஏன் தேர்ந்தார் என்று
சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
விசேஷமாய் ஒன்றும் இல்லை.
கொஞ்சம் கோணல்.

துணியை அவிழ்த்தேன்.
வடக்கே மெழுகைச் சுரண்டி
மூன்று விரலையும் அறுத்தேன்.
மெழுகைக் கையின் சூட்டில் இளக்கி
இருந்தபடியே பூசி
துணியைத் திரும்பக் கட்டினேன்.
முடிச்சு மட்டும் என்னுடையது.

அடுத்த வருடம் இலை சிறுத்தது.
அதற்கடுத்த வருடம் இலையே இல்லை.
வேர், நாங்கள் நினைத்தபடி,
எதையும் முளைக்க விடாமலே தீர்ந்துபோனது.
நிழல் விலகிய மணலில்
கூந்தல் புல் பதினோரு தூர் வந்திருக்கிறது.
நூறை எதிர்பார்த்தார்கள் அலுவலகத்தில்.

நூற்றுப் பதினேழின் பட்ட கிளையில்
ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நீலப் பனங்காடை ஒன்று
வெட்டுக்கிளியை அடித்துத் தின்றுகொண்டிருந்தது.
கீழே, நைந்த கோணித்துணி.
யாரோ அவிழ்த்து
வேறு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

இந்தத் தேன் லேசில் உறையாது என்பார்கள்.
ஜாடியைச் சாய்த்துப் பார்க்கிறேன்,
இன்னும் ஓடுகிறது.