கபிலம், இரண்டாம் உலை

அறுபதாம் ஆண்டு மலருக்கு
ஒன்றரைப் பக்கம் கேட்டார் முகாமையாளர்.
தோற்றம், வளர்ச்சி, உற்பத்திகள்.
"கவலைக் கதை வேண்டாம், மிஸ்."

தோற்றம்.
மட்டக்குளியில், களனி கடலைத் தொடுமுன்,
லாசரஸ் ஒண்டாச்சி வாடகைக்கு எடுத்த
கொப்பறாக் கிட்டங்கி.
நாத்தாண்டியா மணல். ஒரே உலை.
முதல் உருப்படி லாம்புச் சிமினி.
கரண்ட் ஏறிய ஒவ்வொரு வீடும்
அவருக்கு ஒரு வாடிக்கையைக் குறைத்தது.
அதனால்தான் மருந்துப் பக்கம் போனோம்.

வளர்ச்சி.
தேயிலைத் தொழிற்சாலைக் கொதிகலனுக்கு நீர்மட்டக் குழாய்,
ரப்பர் பாலில் மிதக்கவிடும் மானி,
வெப்பமானி முதுகுக்குப் பால்வெள்ளை,
அயடீன் போத்தலுக்குக் கபிலம்:
இரும்பு, கந்தகம், ஒரு சிட்டிகை கரி.
பிறகு ஊசிமருந்துக் குப்பி.
அதன் கழுத்தை முறிப்பது என் வேலை,
நாளுக்கு இருநூறு.
தாதியின் பெருவிரலுக்கு உடையவேண்டும்,
கண்டி வீதிப் பள்ளங்களுக்கு உடையக்கூடாது.

ஜன்னல் கண்ணாடி நாங்கள் செய்வதில்லை.
தொண்ணூற்றாறு தையில்
கோட்டை வெடித்த கிழமை
தொலைபேசி அதை மட்டுமே கேட்டது.
எட்டடிக்கு ஆறடி, எத்தனை இருக்கு?
இல்லை ஐயா. நே மாத்தயா. இல்லை.
சொல்லிச் சொல்லி அந்தச் சொல்
வாய்க்குள் வழுவழுத்துப் போயிற்று.

எட்டாம் நாள் கண்ணாஸ்பத்திரியிலிருந்து ஒரு டொக்டர்.
பால்வெள்ளை ஒரு பிடி, கபிலக் கோல் ஒரு பிடி
தரமுடியுமா என்றார்.
"வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்தோம்.
அத்தனையும் நீலம்."

துவான் ஜுனைடீன், இரண்டாம் உலை,
ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை.
இரவு ஷிப்டில் சுவாலையில் உருட்டினார்.
முதல் பன்னிரண்டும் மஞ்சளடித்தன,
பூனையைப்போல முழித்தன.
பதின்மூன்றாவதை என் முகத்தருகே பிடித்து
இதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.
"இமைக்காதே மகள்."

மொத்தம் நாற்பத்தொன்று.
பஞ்சில் சுற்றி, குப்பிப் பெட்டியில் அடுக்கி,
கேட் பாஸில் எழுதினேன்: உடைசல், விலையில்லை.
முறித்துப் பாராமல் நான் வெளியே விட்டது
அந்த ஒரு பெட்டிதான்.

இன்றைக்கும் புறக்கோட்டை பஸ்ஸில்
யாராவது தலை திருப்பும்போது
ஒரு கண் மட்டும் பின்தங்கினால்
எனக்கு முதலில் இரக்கம் வருவதில்லை.
நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

உற்பத்திகள் என்ற தலைப்பின் கீழ்
ஆறாவது வரியாய்ப் போட்டேன்:
கபிலக் கண்ணாடி. ஒளியை உள்ளே விடாது.

முகாமையாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
வாசித்தார்.
"ஒளி" முன்னால் "புறஊதா" சேர்த்தார்.