குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை

காரைக்குடி அஞ்சல் பிரிப்பகம்.
காலை ஒன்பதே கால்.
ஒலிமானியை மேசைமேல் வைத்தேன்.
முத்திரை விழும்போது எழுபத்தெட்டு டெசிபல்,
விழாதபோது நாற்பத்தொன்று.
அதுவும் மின்விசிறிதான்.

படிவம் பதினோரு பக்கம்.
இந்தக் கூடத்தை மூடி
வேலையை மதுரை மையத்துக்கு மாற்றினால்
காற்றுக்கு என்ன ஆகும், மண்ணுக்கு என்ன ஆகும்,
மரத்துக்கு, தண்ணீருக்கு,
அரிய உயிரினங்களுக்கு என்ன ஆகும்
என்று கேட்கிறது.
ஆம். இல்லை. பொருந்தாது.
மூன்றில் ஒன்றைச் சுழிக்க வேண்டும்.

மரம் நான்கு: மூன்று வேம்பு, ஒரு புங்கை.
வெட்டத் தேவையில்லை.
மண்: செம்பாறாங்கல் தரை.
ஜெனரேட்டருக்கு அடியில்
தோசைக்கல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை.
தண்ணீர்: பதினான்கு பேர்
குடித்து, கைகழுவி, கழிப்பறைக்கு ஊற்றுவது
நாளொன்றுக்கு அறுநூறு லிட்டர்.
இனி மிச்சம்.
'சாதகமான விளைவு' என்று எழுதினேன்.
ஆள் போனால் தண்ணீர் மிஞ்சும்.
கணக்கில் பிழை இல்லை.

அரிய உயிரினம்:
ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கூகை.
"அரிதெல்லாம் இல்ல மேடம், தினம் வருது"
என்றார் சேவுகப்பெருமாள்,
கையை நிறுத்தாமல்.
பள்ளத்தூர், புதுவயல், கோட்டையூர்,
தேவகோட்டை, தேவகோட்டை,
கானாடுகாத்தான்.
கிளப்பில் சீட்டுப் போடுகிறவர் கை அது.
முகவரியை அவர் படித்ததை நான் பார்க்கவில்லை.
எந்த உறையும் கட்டம் மாறி விழுந்ததையும்
பார்க்கவில்லை.

ஏழாம் பகுதி, போக்குவரத்து.
இங்கே போட்ட கடிதம்
தேவகோட்டைக்குப் போக ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர்.
இனி அது திருப்பத்தூர், மேலூர், ஒத்தக்கடை என்று
மதுரை போய்
நடு இரவில் ஓர் இயந்திரத்துக்கு முகம் காட்டிவிட்டு
வந்த வழியே திரும்பும்.
தூரத்தை டீசலாக்கி, டீசலைப் புகையாக்கி,
புகையை முந்நூறு நாளால் பெருக்கி
ஓர் எண் எழுதினேன்.
பெரிய எண்தான்.
அடிக்குறிப்பு பொடி எழுத்தில் சொன்னது:
'எல்லைக்கு வெளியே எழும் புகையைச் சேர்க்கலாகாது.'
எல்லை எது என்று வரைபடத்தில் தேடினேன்.
சுற்றுச்சுவர்.

எண்ணை அடித்தேன்.
அடித்தது தெரியும்படி, ஒற்றைக் கோடால்.

ஜெசிந்தா தேநீர் வைத்துவிட்டுக் கேட்டாள்,
"எங்களப் பத்தி எந்தப் பக்கம் மேடம்?"
புரட்டினேன்.
ஒன்பதாம் பக்கம், 'மனிதச் சூழல்':
வாகனங்களால் பாதசாரிகளுக்கு ஆபத்து உண்டா?
"மதுரைக்கு மாத்திட்டாங்க. ஸ்கூட்டிய விக்கப் போறேன்.
மாசம் ஒம்பது லிட்டர் பெட்ரோல் மிச்சம்,
அதையும் எழுதிக்கங்க" என்றாள்.
சிரிக்கவில்லை.
நான் எழுதவில்லை;
அவளும் சுவருக்கு வெளியேதான் குடியிருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது:
'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.'
கீழே தேதி போட மட்டும் இடம்.

கோட்ட அலுவலகம் ஏழு நிமிட நடை.
ஆனால் அறிக்கை பதிவுத் தபாலில்தான் வர வேண்டும்;
விதி அப்படி.
மறுவாரம் கொண்டுபோனபோது
வெள்ளோட்டம் தொடங்கியிருந்தது.
கட்டங்கள் எல்லாம் காலி. நடுவில் ஒரே பை.
சேவுகப்பெருமாள் உறையை வாங்கினார்,
முகவரியைப் படித்தார்.
அவர் கை நின்று அன்றுதான் பார்த்தேன்.
"இது அடுத்த தெருதான?"
என்று யாரையும் கேட்காமல் கேட்டுவிட்டு
மதுரைப் பைக்குள் போட்டார்.

ராத்திரி செல்போனில் பார்த்தேன்.
மதுரை மையம், வந்தது, ஒன்று பன்னிரண்டு.
மதுரை மையம், புறப்பட்டது.
மூன்றாம் நாள் அடுத்த தெருவை அடைந்தது.

அதிகாரி அழைத்தார்:
"நாலாம் பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு."
நானே வந்து போட்டுவிடுகிறேன் என்றேன்.
"வேணாம்மா. முறைப்படி திருப்பி அனுப்பிட்டேன்."

மணி இப்போது பதினொன்று.
மேலூர் தாண்டியிருக்கும்.